பனையடியில் வைத்த இரண்டாவது சில்லு

மணலில் ஓடுகிற வாகனத்துக்கு மேலதிகமாக ஒரே சக்கரம் போதாது, இரண்டு சில்லு வேண்டும். ஒன்று வாகனத்தின் வயிற்றுக்கு அடியில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். மற்றது பின்பெட்டியில், வாரால் இறுக்கிக் கட்டியபடி படுத்திருக்கும். அடியில் தொங்குவதை மட்டும் நம்பிப் போகிறவன் மணலை அறியாதவன். காற்றுப் போன வாகனம் ஒரு பக்கம் சரிந்து புதைந்துவிட்டால், அடியில் இருப்பதை எடுக்க முதலில் மண்வெட்டியால் கிடங்கு தோண்ட வேண்டும். பின்பெட்டியில் இருப்பது அப்படியில்லை, வாரை அவிழ்த்துத் தள்ளினால் விழும். ஏற்றுவதுதான் வில்லங்கம்.

அந்த வில்லங்கம் கிழமைக்கு ஒரு தடவை எனக்கு வரும். நான் சாரதி. எங்கள் நிறுவனம் கொக்குவிலில் மதில் கட்டிய ஒரு வாடகை வீட்டில் இயங்குகிறது. வியாழக்கிழமைகளில் ஒரு தாதியையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, வடமராட்சி கிழக்கில் கடற்கரையோரம் இருக்கிற ஒரு சிறு மீனவக் குடியிருப்புக்குப் போவேன். தார் றோட்டு முடிந்த பிறகு இரண்டு மைல் மணல். மற்ற நாட்களில் பின்பெட்டி சாமான் ஏற்றத் தேவை என்பதால் இரண்டாவது சில்லைக் களஞ்சிய அறையில் வைத்துவிட வேண்டும். வியாழன் விடிய ஆறு மணிக்கு அதை உருட்டி வந்து ஏற்ற வேண்டும், வெள்ளி காலை இறக்க வேண்டும். புறப்படுமுன் ஒரு தாளில் 'மேலதிகச் சில்லு – இரண்டு' என்ற இடத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஒரு சில்லு என்ன பாரம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பாதிக்கு மேல் நிரம்பிய அரிசி மூட்டை. ஆனால் மூட்டை உடம்போடு ஒட்டி வரும், சில்லு வராது. குனிந்து, முழங்காலில் வைத்து, நெஞ்சுக்கு ஏற்றி, பெட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிறகு தள்ள வேண்டும். முப்பது வருடமாக இதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, நெஞ்சுக்கும் விளிம்புக்கும் இடையில் இடுப்பில் ஏதோ கழன்றது. சில்லைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே இருந்துவிட்டேன்.

யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அலுவலகத்தில் கொடுக்கச் சொன்ன துண்டு அது. நான் அதை நாலாக மடித்து, பணப்பையில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். இரவில் மனைவி எண்ணெய் தடவிவிடுவாள்.

"அவையளிட்டைச் சொல்லுங்கோவன். உது என்ன களவே?" என்பாள்.

"சொன்னால் இறக்கிப்போடுவினம்" என்பேன்.

இறக்கிவிடுவார்கள் என்பது என் கற்பனை இல்லை. எனக்கு முன் அந்த வாகனத்தை ஓட்டியவருக்குக் கண் மங்கியது. அதை அவராகவே போய்ச் சொன்னார். ஒரு மாலையும் ஒரு சுவர் மணிக்கூடும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்த மணிக்கூடு இப்போது அவர் வீட்டு முன்னறையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அதற்குக் கீழே இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் மணல் எப்படி, மழைக்குப் பிறகு இறுகிவிட்டதா என்று விசாரிப்பார். எனக்கு அந்த மணிக்கூட்டைப் பார்க்கவே பிடிக்காது. ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஐம்பத்தேழு வயதில் வேறொன்றைப் பழகும் ஆசையும் இல்லை.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். வாசலில் எங்கள் காவலாளி விடிய ஐந்தரைக்கே பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு கதிரையில் இருப்பார். அவர் லைற் நிறுத்தப் பின்பக்கம் போகும்வரை பார்த்திருந்து, அந்தச் சில நிமிடத்துக்குள் சில்லோடு மல்லுக்கட்டுவேன். நான் முனகுவது அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. சில நாட்களில் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். மிஸ்ஸி வந்து ஏறும்போது சிரிப்பேன். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது. இந்த மிஸ்ஸிக்கு என் மகளின் வயது.

போன புரட்டாதியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சில்லு தேவைப்படப்போவது மணலில்தான், கொக்குவிலில் இல்லை. பிறகு ஏன் அதை ஒவ்வொரு கிழமையும் ஏற்றி இறக்க வேண்டும்? அங்கேயே இருக்கட்டுமே. அந்தக் குடியிருப்பின் முதல் வீடு, கரையில் நின்று வலை இழுக்கிற ஒரு கரைவலைக்காரருடையது. அவரும் மனைவியும் கோயிலுக்கு அடுத்தபடியாக எங்கள் வாகனத்தைத்தான் மதித்தார்கள் என்று நினைக்கிறேன். மிஸ்ஸி கோயில் மண்டபத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வாகனத்தை அந்த வீட்டு வேலிப் படலையடிக்குக் கொண்டுபோய், வாரை அவிழ்த்துச் சில்லைத் தள்ளிவிட்டேன். தள்ளுவதற்கு இடுப்பு இடம் கொடுத்தது.

"தங்கச்சி, இது இஞ்சை கிடக்கட்டும். வழியிலை ஏதும் நடந்தால் எடுக்க வசதி" என்றேன்.

"கிடக்கட்டும் அண்ணை. நாங்கள் பாப்பம்தானே" என்றாள் கரைவலைக்காரரின் மனைவி.

அன்று திரும்பி வரும்போது பத்து வயது குறைந்ததுபோல இருந்தது. அடுத்த வியாழன் பெட்டி வெறுமையாக இருப்பது தெரியாதபடி மேலே படங்கை இழுத்துக் கட்டினேன். தாளில் இரண்டு என்ற இடத்தில் சரி போட்டேன். முதல் தடவை கை கொஞ்சம் தயங்கியது. ஐப்பசியில் தயங்கவில்லை. கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் சரி சரி என்று போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் சொன்னபடியே பார்த்தார்கள். பனையடியில் தென்னங்கிடுகு போட்டு அதன் மேல் சில்லைக் கிடத்தி, ஆடு மாடு முட்டாமல் சுற்றிவரப் பழைய வலையால் மூடியிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் ஆசனத்தில் இருந்தபடியே பார்ப்பேன், இருக்கிறது. ஒரு தடவையாவது இறங்கி, குனிந்து, வலையை விலக்கிக் காற்று இருக்கிறதா என்று பெருவிரலால் அமத்திப் பார்த்திருக்க வேண்டும். பழகுகிற பெடியனும் செய்கிற வேலை அது. குனிந்தால் நோகும் என்று விட்டுவிட்டேன்.

மாசியில் அந்த வியாழக்கிழமை வந்தது. போகும்போதே, குடியிருப்புக்கு அரை மைல் முன்னால், பின் வலது சில்லு போய்விட்டது. உடைமரத்து முள் ரயருக்குள் ஏறி முறிந்திருந்தது. மணலில் அது உடனே தெரியாது. தெரிந்து நிறுத்துவதற்குள் காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓடியதில் ரயரின் பக்கவாட்டும் கிழிந்துவிட்டது. மிஸ்ஸியை நிழலில் போய் இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை, நடந்தே போய் வேலையைத் தொடங்குகிறேன் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வாகனத்தைத் தூக்குகிற ஜக்குக்குக் கீழே பலகை வைத்தேன், இல்லாவிட்டால் வாகனம் எழும்பாது, ஜக்தான் மணலுக்குள் இறங்கும். அடியில் தொங்கிய சில்லைச் சங்கிலி இறக்கி இழுத்தெடுத்தேன். தூக்க முடியாததால் மணலில் இருந்துகொண்டு, இரண்டு காலையும் சில்லுக்குக் கீழே கொடுத்து, அலவாங்குக் கம்பியால் நெம்பி நெம்பி ஆணிகளுக்கு நேராகக் கொண்டுவந்தேன். மூன்று தடவை வழுக்கிப்போனது. மூன்றாவது தடவை வாய்விட்டே அழுதேன், சுற்றிவர ஒரு நாயும் இல்லை என்ற துணிவில். நட்டுகளை இறுக்கி முடித்தபோது ஒரு மணித்தியாலம் போயிருந்தது.

குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மிஸ்ஸியின் முகம் சரியில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கோயில் மண்டபத்தில் பாயில் படுக்கவைத்திருந்தார். தலையிடி, கால் வீக்கம், பிரஷர் ஏறிப்போய் நிற்கிறது.

"அண்ணை, இந்தப் பிள்ளையை உடனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும். கனக்க நேரம் வைச்சிருக்க ஏலாது" என்றார்.

பின் ஆசனத்தில் அந்தப் பெண்ணைச் சரித்துப் படுக்கவைத்தோம். அவளுடைய தாய் தலைமாட்டில் இருந்தாள். முதல் வீட்டைத் தாண்டிக் கால் மைல் போயிருக்க மாட்டோம். மணலுக்குள் மூடிக் கிடந்த பழைய இரும்புக் கட்டை ஒன்று முன் இடது சில்லைக் குத்திக் கிழித்தது. அந்தச் சத்தத்தை மணலில் ஓடின எவனும் மறக்க மாட்டான்.

அப்போதும் நான் பயப்படவில்லை. இதற்குத்தானே இரண்டாவது சில்லு. "பத்து நிமிசம் மிஸ்ஸி. அந்த வீட்டிலை ஒண்டு வைச்சிருக்கிறன்" என்றேன்.

"எங்கை வைச்சிருக்கிறியள்? பெட்டியிலை இல்லையே?"

"வசதிக்கு அங்கை வைச்சனான்."

மிஸ்ஸி திரும்பி அந்தப் பெண்ணின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றத் தொடங்கினார். நான் வெயிலில் மணலுக்குள் கால் புதையப் புதைய நடந்தேன். என் காலும் இடுப்பும் அன்று என்னுடையவையாகவே இல்லை.

கரைவலைக்காரர் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சில்லு வேண்டும் என்றதும் எழும்பிப் போய் வலையை விலக்கினார். சில்லு தட்டையாகக் கிடந்தது. அவர் அதைத் திருப்பி நிமிர்த்தியபோது பக்கவாட்டில் நான்கு ஓட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் போகிற அளவு, ஒரே இடைவெளியில், மிக ஒழுங்காக.

"என்ன தம்பி இது?" என்றேன்.

அவருடைய மனைவிதான் பதில் சொன்னாள். "மாரிக்கு இலை அடைச்சு உதின்ரை நடுப்பள்ளத்திலை தண்ணி நிண்டது அண்ணை. புழு நெளிஞ்சது. மிஸ்ஸி சொன்னவா எல்லே, ரயரிலை தண்ணி நிண்டால் நுளம்பு பெருகும், டெங்கு வரும், ஓட்டை போட்டு விடுங்கோ எண்டு. இவர் கம்பி காய்ச்சிக் குத்தினவர்."

"முதல் குத்தோடை சீறிச்சுது" என்றார் அவர். "நான் எழும்பி ஓடீட்டன். பிறகு காத்தெல்லாம் போன உடனை வந்து மற்ற மூண்டையும் குத்தினனான்."

"காத்துத்தானே, பிறகு அடிக்கலாம் எண்டு நினைச்சம்" என்றாள் அவள். "எங்களை நம்பித் தந்த சாமானிலை நுளம்பு வரவிடலாமே?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரையும் கண்டபடி ஏச வாய் திறந்தேன். ஆனால் எதைச் சொல்லி ஏசுவது? ரயர், சிரட்டை, யோகட் கோப்பை என்று படம் போட்ட அந்த அட்டைகளை இங்கே ஏற்றிவந்ததே நான்தான். மிஸ்ஸி அவற்றைப் பிடித்து விளக்கிய அன்று, நான் ஆசனத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு நித்திரை. சொன்னதைக் கேட்டவர்கள் இந்த இரண்டு பேரும்தான். ஏசாமல், கர்ப்பிணி வாகனத்தில் கிடப்பதைச் சொன்னேன்.

விசயம் தெரிந்ததும் கரைவலைக்காரர் சில்லை அப்படியே போட்டார். கரைக்கு ஓடிப்போய்த் தன் ஆட்களைக் கூப்பிட்டார். மணலில் அவர்களுடைய லான்ட்மாஸ்ரர் உழவு மிசினில் ஏற்றினால் குலுக்கும், கூடாது என்றார் மிஸ்ஸி. அன்று கடல் குளம்போலக் கிடந்தது. ஒரு படகைத் தள்ளினார்கள். தார் றோட்டு கடலைத் தொடுகிற அடுத்த துறைக்கு அம்புலன்சை வரச்சொல்லி மிஸ்ஸி, சிக்னல் கிடைக்கிற கோயில் படிக்கு ஓடிப்போய் ஏறி நின்று போன் பண்ணினார். கதிரையில் வைத்து அந்தப் பெண்ணை வாகனத்திலிருந்து கரைக்கும், பிறகு தண்ணீருக்குள்ளால் படகுக்கும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது ஆளாக ஒரு கை கொடுக்கக்கூட என்னால் முடியவில்லை. கரையில் மருந்துப் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். அவளுடைய தாய் மிஸ்ஸிக்குப் பின்னால் படகில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் ஒன்றும் இருக்கவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

படகு போன பிறகு கரைவலைக்காரர் வாகனத்திலிருந்து கழற்றிய இரண்டு ரயர்களையும் லான்ட்மாஸ்ரரில் போட்டுக்கொண்டு றோட்டுக்குப் போனார். ரயர் ஒட்டுகிற கடையில் ஒன்றைப் பாவிக்கக்கூடியதாக்கி, மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். அவரே ஏற்றினார். ஒரு காலை மடித்துச் சில்லைத் தொடையில் வைத்து, ஒரே மூச்சில் ஆணிகளில் மாட்டினார். நான் நட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாள் வைத்திருந்து மருந்து கொடுத்து அனுப்பினார்கள், பங்குனிக் கடைசியில் பிள்ளை பிறந்தது. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் அவளுக்கு வீணாக்கியிருந்தேன். அந்தக் கணக்கு மிஸ்ஸிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அறிக்கை எழுதியது மிஸ்ஸி.

"வழியிலை ரெண்டு சில்லும் பஞ்சர், அதாலை சுணக்கம் எண்டு எழுதிப்போட்டன். பொய் இல்லைத்தானே அண்ணை?" என்றார்.

"ஓம், பொய் இல்லை" என்றேன். தப்பிவிட்டேன் என்று மனம் ஆறியது. அப்படி ஆறியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அந்த இரண்டோடும் அன்று இரவு படுத்தேன்.

பத்துப் பதினொரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலக வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கரைவலைக்காரரும் மனைவியும் இறங்கினார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அவள் கோயிலுக்குக் கட்டுகிற சீலை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சில்லு. பஸ்ஸில் ஏற்றி, கொண்டக்ரரிடம் ஏச்சு வாங்கி, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து ஓட்டோவில் கொண்டுவந்திருக்கிறார்கள். முற்றத்தில் எங்கள் பொறுப்பாளரும் மிஸ்ஸியும் நின்றார்கள். பொறுப்பாளர் என்னைவிட இருபது வயது இளையவர்.

"ஆரின்ரை சில்லு இது?" என்று கேட்டார்.

"உங்கடைதான் ஐயா" என்றார் கரைவலைக்காரர். "அண்ணை எங்களை நம்பித் தந்தவர். நாங்கள் பழுதாக்கிப் போட்டம். ஓட்டை எல்லாம் ஒட்டி, உள்ளுக்கு ரியூப் போட்டுக் கொண்டந்திருக்கிறம். குறை நினைக்காதேங்கோ."

"எப்ப தந்தவர்?"

"புரட்டாதியிலை" என்றாள் அவள், ஒளிக்க என்ன இருக்கிறது என்கிற குரலில்.

புரட்டாதியிலிருந்து மாசிவரை நான் சரி போட்ட தாள்கள் எல்லாம் பொறுப்பாளர் மேசையில் ஒரு கோப்புக்குள் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். மிஸ்ஸி நிலத்தைப் பார்த்தார். கரைவலைக்காரர், நடந்தது ஒன்றும் விளங்காமல், சில்லை நிமிர்த்தி என் பக்கம் உருட்டினார். "பிடியுங்கோ அண்ணை. பாருங்கோ, காத்து நிக்குது" என்றார்.

நான் குனிந்தேன். இரண்டு கையையும் சில்லில் வைத்தேன். பல்லைக் கடித்தால் இன்னும் ஒரு தடவை தூக்கியிருக்கலாம், களஞ்சியம் இருபது அடிதான். தூக்கிக் காட்டிவிட்டு ஏதாவது கதை சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எனக்குக் களைத்துவிட்டது. இடுப்பு இல்லை, நான் களைத்துவிட்டேன்.

"எனக்குத் தூக்க ஏலாது" என்றேன். "ரெண்டு வருசமா ஏலாது. அதுதான் அங்கை விட்டனான்." பணப்பையை எடுத்து, நாலாக மடித்த துண்டை விரித்துப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. அவர் வெகுநேரம் அதை வாசித்தார்.

கரைவலைக்காரரின் மனைவிதான் முதலில் கதைத்தாள். "உதுக்கே அண்ணை?" என்றாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இவர் தூக்கியிருப்பாரே."

எனக்கு மணிக்கூடு தரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்து, அலுவலகத்தின் சின்னக் காரில் போட்டார்கள். ஆட்களையும் கடிதங்களையும் ஏற்றிக்கொண்டு தார் றோட்டில் ஓடுகிற வேலை, ஆசுபத்திரி, அரசாங்கக் கச்சேரி, திரும்பக் கொக்குவில். டிக்கியில் ஒரு சின்னச் சில்லு கிடக்கிறது, இன்னும் தேவைப்படவில்லை. மணல் வாகனத்தைப் புதிய சாரதி ஓட்டுகிறான். நல்ல தோள் உள்ளவன், முப்பது வயது இருக்கும்.

வியாழக்கிழமைகளில் காரைத் துடைப்பதற்காக நானும் ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன். போன கிழமை அவன் களஞ்சியத்திலிருந்து சில்லை உருட்டிவந்து வாகனத்தடியில் நிறுத்தினான். வாசல் பக்கம் திரும்பி, "அண்ணை, ஒருக்கா இதைப் பிடியுங்கோவன்" என்றான். காவலாளி தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சில்லு பெட்டிக்குள் போய்விட்டது. காவலாளி திரும்பிப் போய்க் கோப்பையை எடுத்தபோது அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் நோவோடு ஏற்றின அத்தனை வியாழனிலும் அவர் அந்தக் கதிரையில்தான் இருந்தார்.